ஐந்து தடவை வந்த கடிதம்

அத்தியாயம் 17

ஜித்ராவில் இருக்கும் தாதியர் கல்லூரி விடுதியில் வார்டன் வேலை கேட்டு நேர்முகத் தேர்வுக்குப் போனாளே பிரேமாவதி, அவளுக்கு அந்த வேலை கிடைத்துவிட்டது. கடிதம் வந்து இன்றோடு பன்னிரண்டு நாள். அந்தப் பன்னிரண்டு நாளும் அவள் கால் தரையில் பாவவில்லை.

நாற்பத்தாறு வயதில் இவ்வளவு துள்ளல் எதற்கு என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டையில் பத்தொன்பது வருஷம், விளக்கு வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சின்னச் சின்ன பாகங்களைச் சரிபார்த்தவள் அவள். போன வருஷம் அந்த லைனையே மூடி ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு பீடோங்கில் தாமான் என்கிற குடியிருப்பு வீட்டுக்குள் சமைப்பது, துவைப்பது, மறுபடியும் சமைப்பது என்று போய்க்கொண்டிருந்தது.

அந்த நேர்முகத் தேர்வில் ஒரு மேடம் அவளைப் பார்த்து, வீட்டு ஞாபகத்தில் அழுகிற பெண்ணை நீ எப்படிச் சமாளிப்பாய் என்று மலாயில் கேட்டாள். ஒரு விஷயத்தில் நீ என்ன நினைக்கிறாய் என்று பிரேமாவதியை யாராவது கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. பதில் சொல்லிவிட்டு வெளியே வரும்போதே, இந்த வேலை தனக்குத்தான் என்று மனத்துக்குள் எழுதி வைத்துவிட்டாள்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குப் போய்ச் சேர வேண்டும். கெடாவில் வாரம் தொடங்குவதே ஞாயிற்றுக்கிழமைதானே. வாரா வாரம் வியாழன் சாயந்திரம் பஸ் ஏறினால் வெள்ளியும் சனியும் வீட்டில் இருக்கலாம். வேலையை ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுத வேண்டிய கடிதத்தை மகள் வாணி அன்றைக்கே டைப் பண்ணி, தபாலிலும் சேர்த்துவிட்டாள். பாக்கி இருந்தது ஒரே ஒரு போரம், வேலையில் சேரும் படிவம். அது வேலைக் கடிதம் வந்த அன்றே ஈமெயிலில் வந்திருந்தது. அச்செடுத்து, நிரப்பி, கையோடு கொண்டுபோக வேண்டும்.

அந்த ஒரு போரம் நாலு நாளாக வந்தபாடில்லை.

"பிரிண்டர் கெட்டுப்போச்சும்மா. நான் கம்பெனில எடுத்துட்டு வரேன்" என்று வாணி திங்கட்கிழமை சொன்னாள். செவ்வாய் மறந்துவிட்டது. புதன் ஓ.டி. என்று கூடுதல் வேலை. வியாழன் தலைவலி. இன்று வெள்ளிக்கிழமை, பட்டணத்தில் இருக்கிற போட்டோஸ்தாட் கடை இன்றும் நாளையும் பூட்டு. வாணி காலை ஷிப்டில் இருந்தாள். உள்ளே போனால் கைப்பேசியை லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்பதால், மூன்று மணி வரை அவளைப் பிடிக்கவும் முடியாது.

"நாமே பார்த்துவிட்டால் என்ன?" என்று பிரேமாவதி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கம்ப்யூட்டர் மேசைக்கு வந்தாள்.

பிரிண்டரின் மேல் போட்டிருந்த துணியை எடுத்து, அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். மின்சார வயர் ஒழுங்காகத்தான் இருந்தது. அதற்குப் பக்கத்தில் இருந்த சதுர ஓட்டை மட்டும் காலியாக இருந்தது. கம்ப்யூட்டருக்குப் போகிற வயரையே காணோம். வயர் இல்லாத பிரிண்டர் எப்படி வேலை செய்யும்? இதைத்தான் ஹைடெக்கில் டெக்னீஷியனாக இருக்கிற தன் மகள் கெட்டுப்போச்சு என்று சொன்னாளா என்று பிரேமாவதிக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

"ஏங்க, பிரிண்டர் வயர் ஒன்னு இருந்துச்சே, ஒரு பக்கம் சதுரமா, ஒரு பக்கம் தட்டையா. பாத்தீங்களா?"

லோகேஸ்வரன் சோபாவில் நீட்டிப் படுத்துக் கைப்பேசியில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். யான் என்ற ஊரில் ஓர் அரிசி ஆலைக்கு லாரி ஓட்டுகிறவர் அவர். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. கோயில் விசேஷம் என்றால் ஒலிபெருக்கி கட்டுவது அவருடைய பொழுதுபோக்கு.

"அதுவா? சவுண்ட் மிக்ஸருக்கு வேணும்னு கோயிலுக்கு எடுத்துட்டுப் போனேன்."

"எப்ப?"

"ரெண்டு வாரம் இருக்கும்லா."

"ஒரு வார்த்த சொல்லிட்டு எடுக்கக் கூடாதா?"

"ஒரு வயருக்கெல்லாம் சொல்லிக்கிட்டா இருப்பாங்க? காடி பின்னால, பூட்டுல இருக்கிற பெட்டிக்குள்ள கெடக்கு, எடுத்துக்க."

லோகேஸ்வரனைப் பொல்லாதவர் என்று சொல்ல முடியாது. குடிப்பதில்லை, கை நீட்டுவதில்லை, சம்பளத்தை மறைப்பதில்லை. தட்டில் சோறு போட்டு முன்னால் வைக்காவிட்டால் மட்டும், அடுப்பு எந்தத் திசையில் இருக்கிறது என்று பக்கத்து வீட்டில் போய் விசாரிப்பார். அவ்வளவுதான்.

பிரேமாவதியே வெளியே நின்ற காருக்குப் போய், மைக் வயர்களோடு பின்னிக் கிடந்ததைப் பிரித்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

சதுர முனையைப் பிரிண்டரில் செருகினாள். தட்டை முனையைக் கம்ப்யூட்டரின் முன்பக்கத்தில் செருகியபோது, அது பிடிப்பில்லாமல் லொடலொடவென்று ஆடியது. லட்சக்கணக்கான சொருகிகளைத் தொட்டுப் பார்த்த விரல் அது. ஆட்டம் தெரிந்ததுமே உருவி எடுத்துவிட்டாள். மேசைக்கு அடியில் முட்டி போட்டு, தூசியில் இரண்டு தும்மல் போட்டு, பின்பக்கம் இருந்த ஓட்டையில் அழுத்தினாள். இறுக்கமாக உட்கார்ந்தது. கம்ப்யூட்டர் 'டிங்' என்றது.

"கேட்டுச்சா?" என்றாள் சோபாவைப் பார்த்து.

"என்னா?"

"ஒன்னுமில்ல. நீங்க பந்தப் பாருங்க."

போரத்தைத் திறந்து அச்சடிக்கும் பொத்தானை அமுக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. காகிதம் இருக்கிறதா என்று பார்த்தாள், இருந்தது. மூடி சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்தாள், மூடியிருந்தது. பிரிண்டரை அணைத்துப் போட்டாள். பச்சை விளக்கு எரிந்தது, ஆனால் அசையவில்லை. திரையின் ஓரத்தில் ஒரு சின்ன பிரிண்டர் படமும், ஆஃப்லைன் என்ற வார்த்தையும் நின்றன.

இதற்கெல்லாம் பயந்தால் ஆகுமா? வாணி செய்யும்போது எத்தனையோ தடவை பின்னால் நின்று பார்த்திருக்கிறாள். அந்தச் சின்னப் படத்தின் மேல் அம்பைக் கொண்டுபோய் இரண்டு தட்டு தட்டினாள். ஒரு பெட்டி விரிந்தது. உள்ளே ஆறு வரி இருந்தது. அடியில் இருந்தது அவள் இப்போது அனுப்பிய போரம். அதற்கு மேலே இருந்த ஐந்து வரிக்கும் ஒரே பெயர்: 'சூராட் அம்மா ஜித்ரா'. எல்லாம் பதினொரு நாளைக்கு முந்திய தேதி.

அம்மாவின் ஜித்ரா கடிதம். அன்றைக்கு அச்சடிக்கப் பார்த்து வராமல், இந்தப் பிள்ளை ஐந்து தடவை அமுக்கியிருக்கிறது! வயர் இல்லை என்று தெரியாமல் அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, பிறகு பட்டணத்துக் கடைக்குப் போய் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறது. பிரேமாவதிக்கு மகள்மேல் அப்படியே பாசம் பொங்கியது. எட்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வந்த காலோடு, அம்மாவுக்காக இதையும் செய்திருக்கிறாளே என்று நினைத்தாள்.

பெட்டியின் மேல் மூலையில் தட்டினாள். ஒரு பட்டியல் இறங்கியது. அதில் ஆஃப்லைன் என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக் இருந்தது. அதை எடுத்துவிட்டாள்.

பிரிண்டர் தூக்கத்திலிருந்து எழுந்ததுபோல ஒரு முனகல் முனகி, காகிதத்தை இழுத்துக்கொண்டது.

"வந்துருச்சுங்க!" என்று கையைத் தட்டினாள்.

முதல் காகிதம் வெளியே வந்தது. வாணியின் கடிதம்தான். மேலே ஜித்ரா கல்லூரியின் முகவரி. கீழே பிரேமாவதி த/பெ சுப்பிரமணியம் என்று அவளுடைய பெயர், அடையாள அட்டை எண், வீட்டு முகவரி. அழகாக, ஓரம் பிசகாமல் இருந்தது. ஒன்றைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நன்றாக மலாய் பேசுவாள். எழுத்தில் வந்தால் மட்டும் விரல் வைத்துத்தான் படிப்பாள். அப்படித்தான் படிக்கத் தொடங்கினாள்.

முதல் பத்தி நன்றி சொன்னது. இரண்டாவது பத்தியில் விரல் நின்றது.

மெனோலாக்.

அந்த வார்த்தை அவளுக்குத் தெரியும். வீட்டுக்கு விண்ணப்பம் போட்டபோது ஒரு தடவை வந்தது. லோகேஸ்வரன் டாக்ஸி பெர்மிட் கேட்டபோது ஒரு தடவை வந்தது. வேண்டாம் என்று மறுக்கிற வார்த்தை. இங்கே மறுப்பது யார் என்று விரலைப் பின்னால் கொண்டுபோய்ப் பார்த்தாள். சாயா. நான். பிரேமாவதியாகிய நான் தாங்கள் கொடுத்த வேலையை மறுக்கிறேன்.

மூன்றாவது பத்தியில் காரணம் இருந்தது. கணவருக்கு உடல்நிலை மிக மோசமாக இருப்பதால் என்னால் வீட்டை விட்டு வெளியே தங்க இயலாது. இந்த இடத்தைத் தகுதியுள்ள வேறொருவருக்குக் கொடுக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

உடல்நிலை மோசமான கணவர் சோபாவில் முறுக்கு கடிக்கிற சத்தம் அவள் காதில் விழுந்தது.

இது ஏதோ தப்பாக எழுதி ஒதுக்கிய தாளாக இருக்கும். அடுத்தது சரியாக வரும். இரண்டாவது காகிதம் வந்தது. அதிலும் விரல் வைத்தாள். மெனோலாக். மூன்றாவது காகிதத்தைப் பிரிண்டர் முழுதாகத் துப்பும் முன்பே குனிந்து பார்த்தாள். அதே வார்த்தை. நாலாவது வந்தபோது கை நீட்டவில்லை. ஐந்தாவது தானாகவே தட்டிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

ஆறாவதாக, அவள் கேட்ட போரம் வந்தது. வேலையில் சேர்கிற போரம்.

பதினொரு நாள்! பதினொரு நாளாக இல்லாத வேலைக்கு அவள் புதுச் செருப்பு வாங்கியிருக்கிறாள், தெருவில் வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லியிருக்கிறாள். அவளுடைய பெயரையே எடுத்து அவளுடைய வாயை யாரோ அடைத்துவிட்டார்கள்.

யாரோ என்ன யாரோ. இந்த வீட்டில் அவள் போவது பிடிக்காத ஆள் யார்?

ஐந்து காகிதத்தையும் கொண்டுபோய்ப் பந்தாட்டத்துக்கும் லோகேஸ்வரன் முகத்துக்கும் நடுவில் நீட்டினாள்.

"என்னது இது?"

"என்கிட்ட கேட்டா? நீங்களே படிங்க."

அவர் எழுந்து உட்கார்ந்து படித்தார். முகம் சிவந்தது.

"எனக்கு ஒடம்பு சரியில்லன்னு எவன் எழுதுனது?"

"வேல வேணாம்னு எழுதியிருக்கு. அது ஒங்க கண்ணுல படல, ஒங்க ஒடம்புதான் படுது. எழுதுனது நீங்கதானே?"

"நானா? பிரேமா, என் மலாய் ஒனக்குத் தெரியாதா? ரோட் டெக்ஸ் போரத்துக்கே புள்ளகிட்ட கைகட்டி நிக்கிறவன் நான். இப்படியெல்லாம் எனக்கு எழுத வருமா?"

வராது. அது சத்தியமான உண்மை. கோபத்தோடு நின்றிருந்த பிரேமாவதிக்கு, கோபத்தை எங்கே வைப்பது என்று ஒரு நிமிஷம் தெரியவில்லை. காகிதத்தை மறுபடியும் பார்த்தாள். அந்த அழகான மலாய். ஓரம் பிசகாத வரிகள்.

இந்த வீட்டில் போரம் என்றால் வாணிதான். இந்த வீடு மட்டுமா? எஸ்டேட்டிலிருந்து தாமானுக்கு வந்த வரிசை முழுக்க அப்படித்தான். பெரியவர்கள் பசாரில் மலாயில் பேரம் பேசுவார்கள், சண்டை போடுவார்கள், சிரிப்பார்கள். அரசாங்கத் தாள் ஒன்று வீட்டுக்குள் வந்தால் மட்டும் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைத் தேடுவார்கள். பிள்ளை எழுதும். கையெழுத்து வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு வைக்கும். அப்பா அம்மா அந்தக் குறியின் மேல் கையெழுத்துப் போடுவார்கள். வாணி நாலாம் வகுப்பிலிருந்து இதைச் செய்கிறாள். இருபத்துமூன்று வயதிலும் செய்கிறாள். அவள் போட்ட குறியைத் தவிர வேறு ஒன்றையும் பிரேமாவதி இந்தப் பதின்மூன்று வருஷத்தில் படித்ததில்லை.

அன்றைக்கும் அப்படித்தான். அடுப்பில் மீன் பொரிந்துகொண்டிருந்தது. வாணி கடையிலிருந்து கொண்டுவந்த தாளை மேசையில் வைத்து, "இங்கதாம்மா" என்றாள். பிரேமாவதி மஞ்சள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டுப் பிள்ளையின் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

அதை நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே நாற்காலியில் உட்கார்ந்தாள். லோகேஸ்வரன் பக்கத்தில் வரவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று வாசலைப் பார்த்து நடந்தார்.

"எங்கேயும் போகாதீங்க. ஒக்காருங்க" என்றாள். அந்தக் குரலை அவர் இதற்கு முன் கேட்டதில்லை. உட்கார்ந்துவிட்டார்.

மூன்றே முக்காலுக்குக் கம்பெனி பஸ் தெருமுனையில் நின்றது. வாணி கழுத்தில் தொங்கும் அட்டையோடு உள்ளே வந்தாள். சாப்பாட்டு மேசையில் ஐந்து காகிதமும் வரிசையாகக் கிடந்தன. பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டாள்.

"பிரிண்டர் எப்படி வேல செஞ்சிச்சு?" என்றாள்.

முதலில் வந்த வார்த்தை அதுதான். வேறு எந்த விசாரணையும் தேவைப்படவில்லை.

"வயர மாட்டுனேன்" என்றாள் பிரேமாவதி.

வாணி பையை இறக்கி வைக்காமல் நின்றாள். அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார்.

"ஏன்டி?"

"அம்மா, நான் சொல்லணும்னுதான்..."

"எப்ப சொல்லியிருப்ப? ஞாயித்துக்கெழம நான் பெட்டியத் தூக்கிக்கிட்டு அந்த வாசல்ல போயி நின்னு, அவங்க யாரு நீன்னு கேட்டப்புறமா?"

"அதுக்குள்ள சொல்லியிருப்பேன்."

"நாலு நாளா போரம் கேக்கிறேன். ஒரு நாள் தலவலி, ஒரு நாள் ஓ.டி. எப்ப சொல்லலாம்னு இருந்த?"

வாணி அழவில்லை. அவள் லேசில் அழுகிற ஜாதி இல்லை.

"கம்பெனில என்ன ட்ரெயினிங்குக்கு எடுத்திருக்காங்க. தைவான். ஆறு மாசம். எங்க லைன்ல ரெண்டே பேருதான். ஞாயித்துக்கெழம காலைல எட்டு மணிக்குப் பிரீஃபிங், அங்கதான் சைன் பண்ணணும்."

"நல்லதுதானே? அதுக்கும் என் வேலைக்கும் என்னா?"

வாணி மறுபடியும் அப்பாவைப் பார்த்தாள். இந்தத் தடவை பிரேமாவதியும் பார்த்தாள்.

"மொதல்ல அப்பாகிட்ட சொன்னேன். ரெண்டு பொம்பளைங்களும் போயிட்டா வீடு என்னாவுறது, ஒருத்தராவது இருக்கணும், நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்குங்கன்னாரு."

"என்கிட்ட என்ன சொன்னீங்க?" பிரேமாவதி கணவர் பக்கம் திரும்பினாள். "கடிதம் வந்த அன்னைக்கு ஒங்க கைல குடுத்தேன். ஒன் இஷ்டம் பிரேமா, சந்தோசமா போயிட்டு வான்னு சொன்னீங்களா இல்லையா?"

"வேணாம்னு சொன்னா நீ மூஞ்சத் தூக்கி வச்சுக்குவ."

"அதனால என்கிட்ட சிரிச்சிட்டு, புள்ளகிட்ட போயி ஒருத்தர் இருக்கணும்னு சொன்னீங்க."

"நான் கடிதம் எழுதச் சொல்லலையே! பேசிக்குங்கன்னுதானே சொன்னேன்?"

"ரெண்டு பேரும் போனா ஒங்களுக்கு என்னா ஆயிரும்?"

லோகேஸ்வரன் நிஜமாகவே யோசித்தார். "யாரு சமைக்கிறது?" என்றார்.

வேறு ஒரு நாளாக இருந்தால் தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்திருப்பார்கள். கையும் காலும் திடமாக இருக்கிற ஒரு மனிதர் சோறு வடிக்க மாட்டார் என்பதற்காக, ஒருத்தி ஜித்ராவை விட வேண்டும், இல்லை இன்னொருத்தி தைவானை விட வேண்டும். பிரேமாவதி மகள் பக்கம் திரும்பினாள்.

"பேசிக்குங்கன்னு சொன்னாருல்ல? நீ ஏன் என்கிட்ட பேசல?" என்று மகளைக் கேட்டாள்.

"பேசுனா நீங்க விட்டுக் குடுத்துருவீங்க."

"அப்பறம் என்ன? அதத்தானே நீயும் எழுதி வச்சிருக்க?"

வாணி கழுத்து அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள். பிறகு, குரல் எழும்பாமல் சொன்னாள்:

"விட்டுக் குடுக்க மாட்டீங்களோன்னும் பயமா இருந்துச்சு. இந்தத் தடவ நீங்க ரொம்ப சந்தோசமா இருந்தீங்கம்மா."

அறைந்திருந்தால்கூட பிரேமாவதிக்கு அவ்வளவு வலித்திருக்காது. வாணி பார்த்திருக்கிறாள். அம்மா எவ்வளவு சந்தோஷமாக இருந்தாள் என்று பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுத்தான் போய் உட்கார்ந்து, ஓரம் பிசகாமல் டைப் பண்ணியிருக்கிறாள்.

பிரேமாவதி எழுந்து கைப்பேசியை எடுத்தாள். குணசுந்தரி அக்காவின் எண்ணைத் தேடினாள். ஜித்ரா விடுதியில் இப்போது வார்டனாக இருந்து இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறவர். இந்த வேலை காலியாகிறது என்று பிரேமாவதிக்குச் சொல்லி விண்ணப்பம் போட வைத்ததே அவர்தான். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று கைப்பேசியை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னா பிரேமா, இப்பதான் என் ஞாபகம் வந்துச்சா?" என்றார் குணசுந்தரி. குரலில் கொஞ்சம் குத்தல் இருந்தது. "வேணாம்னா என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். ஆபிஸ் பொண்ணு சொல்லித்தான் எனக்கே தெரியும். ஒனக்காக நான் எவ்வளவு பேசுனேன் தெரியுமா? மனசு விட்டுப்போச்சுலா."

"அக்கா, எனக்கு அந்த வேல வேணும்."

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"அக்கா?"

"கேக்குது. வேற ஒரு அம்மாவ வரச் சொல்லியாச்சு பிரேமா. அவங்களும் ஞாயித்துக்கெழமதான் வராங்க. இன்னும் ஆர்டர் கைல குடுக்கல. நீ வந்து மேடத்தப் பாக்கலாம். ஆனா, ஏன் வேணாம்னு எழுதுனன்னு கேப்பாங்க. மனசு மாறிருச்சுன்னு சொன்னா முடிஞ்சிச்சு. வாரத்துக்கு ஒரு மனசுன்னா அறுபது பொண்ணுங்கள எப்படி நம்பிக் குடுக்கிறதுன்னு சொல்லிருவாங்க."

"மனசு மாறலக்கா. அது நான் எழுதுன கடிதம் இல்ல."

"என்ன சொல்ற? கையெழுத்து இருக்கே. நானே பாத்தேன். அது ஒன் கையெழுத்தா, இல்லையா?"

வாணி தலையை நிமிர்த்தினாள். லோகேஸ்வரன் சோபாவிலிருந்து எழுந்து, வேண்டாம் என்று கையை ஆட்டினார். கல்யாண வயதில் இருக்கிற பிள்ளை. வெளியே ஒரு பேச்சு கிளம்பினால் கெடா முழுக்கப் போகும். இல்லை, யாரோ என் கையெழுத்தைப் போட்டுவிட்டார்கள் என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் அது போலீஸ் விவகாரம் ஆகும். ஏதோ குழப்பம் என்று சொல்லலாம். இப்படிக் குழம்புகிறவளை யார் வார்டனாக வைப்பார்கள்? இருபத்துமூன்று வருஷமாக மகளைப் பற்றி வெளியாரிடம் ஒரு குறை சொல்லாத வாய் அது.

பிரேமாவதி மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"கையெழுத்து என்னுதுதான்க்கா. எழுதுனது என் மக. என்னன்னு சொல்லாம நீட்டுனா, நான் படிக்காம போட்டேன்."

வாணி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

குணசுந்தரியின் குரலில் குத்தல் எல்லாம் போயிருந்தது.

"சரி. ஞாயித்துக்கெழம ஏழரைக்கெல்லாம் வந்துரு. மேடம் எட்டு மணிக்கு மீட்டிங் போயிருவாங்க, அதுக்கு முன்னாடி பாத்துறணும். ஒன்ன மட்டும் பாத்தா நம்ப மாட்டாங்க பிரேமா. எழுதுனவள கூட்டிட்டு வா. அவ வாயால சொன்னா ஒரு வழி இருக்கு."

வைத்துவிட்டார்.

லோகேஸ்வரன் தலையில் அடித்துக்கொண்டார். "பெத்த புள்ளைய இப்படியா ஊருக்குக் காட்டிக் குடுப்ப?"

"யாரு யாரக் காட்டிக் குடுத்தாங்கன்னு அப்பறமா பேசலாம்" என்றாள் பிரேமாவதி. "எனக்குக் கடுமையா ஒடம்பு சரியில்லாத புருசன் இருக்காரு. அவருகிட்ட நான் சத்தம் போடக் கூடாது."

"அம்மா, எட்டு மணிக்கு எனக்குக் கூலிம்ல பிரீஃபிங். வரலன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துருவாங்க" என்றாள் வாணி. கேள்வி கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"தெரியும். நீதான் சொன்னியே."

"நான் என்னம்மா பண்ணட்டும்?"

ஒவ்வொரு தடவையும் இந்தக் கேள்விக்கு அம்மாவிடம் ஒரு பதில் இருக்கும். நீ போ கண்ணு, நான் பார்த்துக்கிறேன் என்பதுதான் அந்தப் பதில். அது இப்போதும் தொண்டை வரைக்கும் வந்தது. பிரேமாவதி அதை விழுங்கினாள்.

"நான் ஒன்ன கூப்புட மாட்டேன். வராதன்னும் சொல்ல மாட்டேன். மொத பஸ்ஸுக்கு நான் கெளம்பிருவேன்."

வாணியின் அறைக்குப் போய் அலமாரியைத் திறந்தாள். அடித்தட்டில் ஒரு நீல ஃபைல் இருந்தது. வீட்டிலுள்ள எல்லாருடைய தாள்களும் அதில்தான். பிறந்த சூராட், கல்யாண சூராட் என்ற சான்றிதழ்கள், வீட்டுப் பத்திரம், கம்பெனிக் கடிதங்கள் எல்லாவற்றையும் உறை போட்டு, பெயர் ஒட்டி, வாணிதான் பத்திரமாக வைத்திருந்தாள். யாருக்கு எது வேண்டுமானாலும் அவளைத்தான் கேட்க வேண்டும். கேட்ட அடுத்த நிமிஷம் எடுத்துக் கொடுப்பாள்.

பிரேமாவதி கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொரு உறையாகப் புரட்டினாள். தன்னுடைய பிறந்த சூராட்டை எடுத்தாள். பள்ளிக்கூடத்து மூன்றாம் படிவச் சான்றிதழை எடுத்தாள். பத்தொன்பது வருஷ வேலைக்குக் கம்பெனி கொடுத்த கடிதத்தை எடுத்தாள். ஒவ்வொன்றையும் எடுத்ததும் விரல் வைத்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துவிட்டு மடியில் வைத்தாள்.

வாணி கதவருகே வந்து நின்று பார்த்தாள்.

"அம்மா, என்ன வேணும்னு சொல்லுங்க, நான் எடுத்துத் தரேன். அதெல்லாம் ஏன்மா வெளிய எடுக்கிறீங்க?"

பிரேமாவதி மடியில் இருந்ததை ஒழுங்காகத் தட்டிச் சேர்த்துக்கொண்டு, பாதி காலியான ஃபைலை மகளின் கையில் கொடுத்தாள்.

"இனிமே என் பேப்பர் என்கிட்டயே இருக்கட்டும்" என்றாள்.